ஒரு எஸ்3 பக்கெட்டை யாரெல்லாம் படிக்க முடியும்? போட்டோ3 கொண்டு அனுமதித் தணிக்கை

நெல்லைநிரலர்:

வணக்கம் நண்பர்களே. எங்கள் நிறுவனத்தில் ஏடபிள்யூஎஸ் (அமேசானின் கிளவுட் சேவை) அக்கவுன்ட் மூன்று இருக்கின்றன. உற்பத்திக்கு ஒன்று, சோதனைக்கு ஒன்று, பில்லிங்குக்கும் ஆர்கனைசேஷன்ஸ் (பல அக்கவுன்டுகளை ஒன்றாக ஆளும் சேவை) நிர்வாகத்துக்கும் ஒன்று. வாடிக்கையாளர்கள் தரும் கேஒய்சி (அடையாளச் சரிபார்ப்பு) ஆவணங்கள் உற்பத்தி அக்கவுன்டில் ஒரு எஸ்3 பக்கெட்டில் (ஃபைல்களைச் சேமிக்கும் இடம்) சேர்கின்றன. வெளியிலிருந்து வந்த ஆடிட்டர் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "இந்தப் பக்கெட்டில் உள்ள ஃபைல்களை யார் யாரெல்லாம் திறக்க முடியும்? பெயர்ப் பட்டியல் கொடுங்கள்."

பைத்தானில் போட்டோ3 (ஏடபிள்யூஎஸ்ஸை அழைக்கும் லைப்ரரி) வைத்து எழுதத் தொடங்கியிருக்கிறேன். இப்போதைய திட்டம் இதுதான்: ஐஏஎம் (ஏடபிள்யூஎஸ்ஸில் யாருக்கு என்ன அனுமதி என்று ஆளும் சேவை) யூசர்களைப் பட்டியலிடுவது, ஒவ்வொருவரோடும் இணைத்திருக்கும் பாலிசிகளை (ஜேசானில் எழுதிய அனுமதி விதிகள்) எடுப்பது, அந்த ஜேசானில் எஸ்3 என்ற சொல் வருகிறதா என்று தேடுவது. இதை நம்பி ஆடிட்டரிடம் கொடுக்கலாமா? இன்னும் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

கோவை_டெவ்ஆப்ஸ்:

இதற்குப் போய் ஏன் சொந்தமாகக் கோடு எழுத வேண்டும்? ப்ரௌலர் ஓட்டுங்கள், இல்லையென்றால் ஸ்கவுட் சூட். இரண்டும் ஓப்பன் சோர்ஸ். ஏடபிள்யூஎஸ் பக்கத்துக்கு இரண்டுமே உள்ளே போட்டோ3தான் பயன்படுத்துகின்றன. அறிக்கையே தயாராக வந்துவிடும்.

மேகப்பூட்டு:

கோவை நண்பர் சொன்ன இரண்டும் நல்ல கருவிகள், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அவை விதிகளைச் சரிபார்க்கும் கருவிகள். எம்எஃப்ஏ (இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு) போடாத யூசர் உண்டா, பழைய ஆக்சஸ் கீ கிடக்கிறதா, பக்கெட் பொதுவெளிக்குத் திறந்திருக்கிறதா என்பதையெல்லாம் சொல்லும். ஆடிட்டர் கேட்டதோ ஒரு குறிப்பிட்ட பக்கெட்டைப் படிக்கக்கூடியவர்களின் முழுப் பட்டியல். அதை விதிப் பட்டியல் கருவியிலிருந்து எடுப்பது கடினம். இந்தக் கேள்விக்குக் கோடு எழுதுவதுதான் சரி.

நெல்லை, முதலில் தரவு எடுக்கும் வழியை மாற்றுங்கள். யூசர் யூசராகச் சுற்ற வேண்டியதே இல்லை. ஐஏஎம் கிளையன்டில் "கெட் அக்கவுன்ட் ஆதரைசேஷன் டீட்டெயில்ஸ்" என்று ஓர் அழைப்பு இருக்கிறது. யூசர், குரூப், ரோல் (மனிதரோ சேவையோ தற்காலிகமாக ஏற்கும் அனுமதித் தொகுப்பு), பாலிசி நான்கும் ஒன்றாக வரும். யூசரின் இன்லைன் பாலிசி (அவருக்குள்ளேயே எழுதியது), அவர் எந்தெந்த குரூப்பில் இருக்கிறார், பெர்மிஷன் பவுண்டரி (அனுமதியின் உச்ச வரம்பு) உண்டா, ரோலின் டிரஸ்ட் பாலிசி (அந்த ரோலை யார் ஏற்கலாம் என்ற விதி) என்ன, அந்த ரோல் கடைசியாக எப்போது பயன்பட்டது, எல்லாம் அதிலேயே இருக்கும். கண்டிப்பாக பேஜினேட்டர் (அடுத்தடுத்த பக்கங்களையும் தானே எடுத்துவருவது) வைத்து எடுங்கள். ஐஏஎம் ஒரு தடவைக்கு வழக்கமாக 100 வரைதான் தரும், சில நேரம் அதற்கும் குறைவாகத் தந்துவிட்டு மீதி இருக்கிறது என்று மட்டும் குறிப்பு வைக்கும். பேஜினேட்டர் இல்லாவிட்டால் பிழை எதுவும் காட்டாமல் பட்டியல் பாதியில் நின்றுவிடும். தணிக்கையில் இதைவிட ஆபத்து வேறில்லை.

அடுத்தது, எஸ்3 என்ற சொல்லைத் தேடுவது. இதை இன்றே கைவிடுங்கள். அட்மினிஸ்ட்ரேட்டர் ஆக்சஸ் பாலிசியைத் திறந்து பாருங்கள், அதில் எஸ்3 என்ற சொல்லே இல்லை, ஆக்‌ஷன் இடத்தில் வெறும் நட்சத்திரக் குறி. பவர் யூசர் ஆக்சஸ் இன்னும் நுட்பமானது. அது "நாட் ஆக்‌ஷன்" முறையில் எழுதப்பட்டது: ஐஏஎம், ஆர்கனைசேஷன்ஸ் போன்றவை தவிர மற்ற எல்லாமும் அனுமதி. அங்கேயும் எஸ்3 இல்லை, ஆனால் உங்கள் கேஒய்சி பக்கெட் முழுவதும் திறந்திருக்கும். சொல்லைத் தேடும் ஸ்கிரிப்ட் அதிகாரம் மிகுந்தவர்களைத்தான் முதலில் தவறவிடும்.

ஜேசானைப் பிரிக்கும்போதும் கவனம் வேண்டும். ஸ்டேட்மென்ட் ஒன்றே ஒன்றாக இருந்தால் அது லிஸ்ட்டாக வராமல் தனி ஆப்ஜெக்டாக வரலாம். ஆக்‌ஷனும் ரிசோர்ஸும் அப்படியே, சில இடத்தில் ஸ்ட்ரிங், சில இடத்தில் லிஸ்ட். எல்லாவற்றையும் முதலில் லிஸ்ட்டாக மாற்றும் ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதிக்கொண்டால் பிறகு நிம்மதி. ஆக்‌ஷன் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடு கிடையாது, ஆகவே ஒப்பிடும் முன் சின்ன எழுத்தாக்கிவிடுங்கள். பக்கெட் ஏஆர்என் (ஏடபிள்யூஎஸ்ஸில் ஒவ்வொன்றுக்கும் உள்ள தனிப் பெயர்) வேறு, அதற்குள் இருக்கும் ஆப்ஜெக்டுகளின் ஏஆர்என் வேறு. பட்டியலிடும் அனுமதி முதலாவதின் மேல், ஃபைலைப் படிக்கும் அனுமதி இரண்டாவதின் மேல். மேனேஜ்டு பாலிசிக்கு (தனியாக நின்று பலரோடு இணைக்கக்கூடியது) ஐந்து வெர்ஷன் வரை இருக்கலாம், அழைப்பு அத்தனையையும் தரும். டிஃபால்ட் என்று குறித்த வெர்ஷனை மட்டும் எடுங்கள்.

நெல்லைநிரலர்:

மிக்க நன்றி அண்ணா. அந்த ஒரே அழைப்புக்கு மாற்றிவிட்டேன், வேகமும் கூடியிருக்கிறது. ஒரு சந்தேகம். எங்களிடம் சில பாலிசிகளில் கண்டிஷன் இருக்கிறது, அலுவலக ஐபியிலிருந்து வந்தால் மட்டும் அனுமதி என்பது போல. அவர்களைப் பட்டியலில் சேர்ப்பதா, விடுவதா?

தரவுக்காவல்:

சேருங்கள், ஆனால் கண்டிஷனைத் தனிக் காலமில் அப்படியே எழுதுங்கள். ஆடிட்டர் முடிவு செய்யட்டும். கண்டிஷன் இருக்கிறதே என்று நீக்கிவிட்டால், அலுவலக வைஃபையில் உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் இருக்கும் அனுமதி அறிக்கையிலிருந்து காணாமல் போய்விடும்.

அப்புறம் யூசர்களை விட ரோல்களில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 2019இல் கேபிடல் ஒன் வங்கியில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். அமெரிக்காவில் சுமார் 10 கோடிப் பேர், கனடாவில் சுமார் 60 லட்சம் பேர் என்று தகவல்கள் வெளியேறின. அங்கே திருடப்பட்டது ஒரு மனிதரின் பாஸ்வேர்டு இல்லை. வெப் ஃபயர்வாலுக்கென்று இருந்த ஒரு ரோலின் தற்காலிகச் சான்றுகள். சர்வர் பக்கத்தில் இருந்த ஓட்டை வழியாக மெட்டாடேட்டா சேவையிலிருந்து (சர்வருக்கு அதன் ரோலின் சான்றுகளைத் தரும் உள் சேவை) அவை எடுக்கப்பட்டன. ஃபயர்வால் ரோலுக்குப் பக்கெட்டுகளைப் பட்டியலிடவும் உள்ளே இருப்பதை இறக்கிக்கொள்ளவும் அனுமதி இருந்தது. ஒரு ஃபயர்வாலுக்கு அது எதற்கு என்று யாராவது முன்பே கேட்டிருந்தால் இழப்பு எவ்வளவோ குறைந்திருக்கும். 2020இல் அமெரிக்க வங்கி ஒழுங்குமுறை அமைப்பான ஓசிசி 8 கோடி டாலர் அபராதம் விதித்தது.

நெல்லை கையில் இருக்கும் தரவிலேயே இந்தக் கேள்வியைக் கேட்கலாம். ஒவ்வொரு ரோலின் டிரஸ்ட் பாலிசியிலும் பிரின்சிபல் (அனுமதி பெறுபவர்) யார் என்று பாருங்கள். ஈசி2வா (சர்வர்), லாம்ப்டாவா (சர்வர் இல்லாமல் கோடு ஓட்டும் சேவை), இன்னொரு அக்கவுன்டா, கிட்ஹப் போன்ற வெளி ஓஐடிசி (வெளி அடையாளத்தை ஏற்கும் முறை) சேவையா? ஓஐடிசி என்றால் எந்த ரெப்போவிலிருந்து வரலாம் என்று கட்டுப்படுத்தும் கண்டிஷன் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

கோவை_டெவ்ஆப்ஸ்:

ஏற்றுக்கொள்கிறேன், ரோல் விஷயம் முக்கியம். ஆனால் இவ்வளவு கணக்கையும் நாமே போடுவதற்குப் பதில் "சிமுலேட் பிரின்சிபல் பாலிசி" என்று ஐஏஎம்மிலேயே அழைப்பு இருக்கிறதே? ரோல் ஏஆர்என், ஆக்‌ஷன், ரிசோர்ஸ் கொடுத்தால் அனுமதி உண்டு, நேரடித் தடை, மறைமுகத் தடை என்று விடையே சொல்லிவிடும். அதை லூப்பில் ஓட்டினால் முடிந்தது.

மேகப்பூட்டு:

பாதி வேலைக்கு அது அருமை. குரூப் பாலிசி, பவுண்டரி எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிடும், நாம் எழுதிய ஒப்பீட்டில் பிழை இருக்கிறதா என்று சரிபார்க்கவும் உதவும். விடையோடு கூட, எந்தக் கண்டிஷன் மதிப்புகள் கொடுக்கப்படவில்லை என்றும் சொல்லும். அந்தப் பகுதியைக் கட்டாயம் படியுங்கள்.

மீதிப் பாதியில்தான் சிக்கல். பக்கெட் பாலிசியை அது தானாகப் போய் எடுக்காது. யூசர்களுக்கென்றால் நாம் எடுத்துக் கொடுக்கலாம். ரோல்களுக்கு ரிசோர்ஸ் பாலிசியைச் சேர்த்துச் சிமுலேட் செய்ய வழியே இல்லை. இன்றைய அமைப்புகளில் முக்கால்வாசி அணுக்கம் ரோல் வழியாகத்தான் நடக்கிறது, அப்படியிருக்க அதை மட்டும் நம்பினால் எப்படி?

ஆகவே இனி எதிர்த்திசையிலிருந்தும் வர வேண்டும், பக்கெட் பக்கமிருந்து. ஒரே அக்கவுன்டுக்குள் பக்கெட் பாலிசி ஒரு யூசரின் ஏஆர்என்னை நேரடியாகப் பெயர் சொல்லி அனுமதித்தால், அவருடைய ஐஏஎம் பாலிசியில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் படிக்க முடியும். ஐஏஎம் பக்கம் மட்டும் பார்க்கும் ஸ்கிரிப்டுக்கு அவர் தெரியவே மாட்டார். வேறு அக்கவுன்டிலிருந்து வருபவருக்கோ இரண்டு பக்கமும் அனுமதி வேண்டும்: இங்கே பக்கெட் பாலிசி, அங்கே அவருடைய ஐஏஎம் பாலிசி. எங்கே நேரடித் தடை எழுதியிருந்தாலும் அதுவே வெல்லும்.

எஸ்3 கிளையன்டில் பக்கெட் பாலிசியைக் கேட்கும்போது பாலிசியே இல்லையென்றால் எக்செப்ஷன் வரும். அதைப் பிடித்து "பாலிசி இல்லை" என்று பதியுங்கள். ஆனால் எல்லா எக்செப்ஷனையும் ஒரே வலையில் பிடிக்க வேண்டாம். அனுமதி மறுப்பும் எக்செப்ஷனாகத்தான் வரும், அதையும் "பாலிசி இல்லை" என்று பதிந்தால் அறிக்கை பொய் சொல்லும். பிறகு ஏசிஎல் (பழைய முறை அனுமதிப் பட்டியல்). 2023 ஏப்ரலுக்குப் பிறகு உருவாக்கிய பக்கெட்டுகளில் வழக்கமாக ஏசிஎல் முடக்கப்பட்டிருக்கும், பொது அணுக்கத் தடையும் தானே இருக்கும். பழைய பக்கெட் என்றால் இரண்டையும் பாருங்கள். ஏசிஎல்லில் "ஆத்தென்டிகேட்டட் யூசர்ஸ்" என்று ஒரு குழு உண்டு. அதைப் பார்த்துவிட்டு நம் ஊழியர்கள் என்று நினைத்துவிடாதீர்கள், உலகத்தில் ஏடபிள்யூஎஸ் அக்கவுன்ட் வைத்திருக்கும் யாரும் அதில் அடக்கம்.

பக்கெட்டோடு ஆக்சஸ் பாயின்ட் (தனிப் பாலிசியோடு பக்கெட்டுக்குள் நுழையும் இன்னொரு வழி) ஏதும் இணைந்திருக்கிறதா, இன்னொரு பக்கெட்டுக்கு ரெப்ளிகேஷன் போகிறதா என்பதையும் கேளுங்கள். நகல் இருக்கும் பக்கெட்டும் கேஒய்சி பக்கெட்தான்.

மதுரைமாணவி:

கல்லூரியில் இறுதியாண்டு படிக்கிறேன், இந்த இழையைப் படித்துக்கொண்டே என் இலவச அக்கவுன்டில் செய்து பார்க்கிறேன். பக்கெட் பாலிசியில் பிரின்சிபல் இடத்தில் அக்கவுன்ட் எண்ணுக்குப் பின் "ரூட்" என்று வருகிறதே, அது அந்த அக்கவுன்டின் ரூட் யூசர் மட்டும்தானே அண்ணா?

தரவுக்காவல்:

நல்ல கேள்வி தங்கை. இல்லை, அது அந்த அக்கவுன்ட் முழுவதையும் குறிக்கும். "இந்த அக்கவுன்டை நம்புகிறேன், உள்ளே யாருக்குக் கொடுப்பது என்பதை அங்கிருக்கும் நிர்வாகியே முடிவு செய்துகொள்ளட்டும்" என்று பொருள். ஆகவே அங்கே அட்மின் அனுமதி உள்ள ஒவ்வொருவரும், எஸ்3 முழு அனுமதி உள்ள ஒவ்வொரு ரோலும் நம் பக்கெட்டைப் படிக்கலாம். பாலிசியில் இன்னொன்றையும் பார்ப்பீர்கள்: ஏஆர்என்னுக்குப் பதில் ஏஐடிஏ அல்லது ஏஆர்ஓஏ என்று தொடங்கும் புரியாத எழுத்துக் கோவை. அது நீக்கப்பட்ட யூசர் அல்லது ரோலின் மிச்சம். இப்போது யாருக்கும் அனுமதி தராது, ஆனால் பல காலமாக யாரும் இந்தப் பாலிசியைத் திறந்து பார்க்கவில்லை என்பதற்கு அடையாளம்.

நெல்லைநிரலர்:

கேள்வி கேட்ட சகோதரிக்கு நன்றி, எங்கள் பக்கெட் பாலிசியில் இருப்பது அதுவேதான்! சோதனை அக்கவுன்ட் எண், பின்னால் ரூட். ஏதோ ஒரு தரவு மாற்ற வேலைக்காக எப்போதோ சேர்த்திருக்கிறார்கள். சோதனை அக்கவுன்டில் எங்கள் டெவலப்பர்கள் எல்லோருக்கும் அட்மின் அனுமதி உண்டு.

பக்கெட் கேஎம்எஸ் (என்கிரிப்ஷன் கீகளை ஆளும் சேவை) கீ கொண்டு என்கிரிப்ட் செய்யப்பட்டிருக்கிறது. அது இவர்களைத் தடுக்குமா?

மேகப்பூட்டு:

எந்தக் கீ என்பதைப் பொறுத்தது. எஸ்3 சேவைக்கென ஏடபிள்யூஎஸ் தானே உருவாக்கி நிர்வகிக்கும் கீ என்றால் வேறு அக்கவுன்டிலிருந்து அதைப் பயன்படுத்த முடியாது, எனவே ஃபைல் திறக்காது. நீங்கள் உருவாக்கிய கீ என்றால் அந்தக் கீயின் பாலிசியைப் படியுங்கள். கேஎம்எஸ்ஸில் கீ பாலிசிதான் அடித்தளம். அதில் இடம் கொடுக்காவிட்டால் அட்மின் கூட டிக்ரிப்ட் செய்ய முடியாது. தரவு மாற்ற வேலைக்குத் திறந்தவர்கள் வேலை நடக்க வேண்டும் என்பதற்காகக் கீயையும் சேர்த்தே திறந்திருப்பார்கள் என்பது என் ஊகம். கீ பாலிசியோடு கிராண்ட்டுகளையும் (கீயைப் பயன்படுத்தத் தனியாகக் கொடுத்த அனுமதிகள்) பட்டியலிடுங்கள், அவை பாலிசியில் தெரியாது.

பட்டியலை மூன்றாகப் பிரிக்கச் சொல்வேன். ஒன்று, இப்போதே படிக்கக்கூடியவர்கள். இரண்டு, வேறொரு ரோலை ஏற்றுக்கொண்டு படிக்கக்கூடியவர்கள். மூன்று, தனக்குத் தானே அனுமதி கொடுத்துக்கொண்டு படிக்கக்கூடியவர்கள். மூன்றாவதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். பக்கெட் பாலிசியை மாற்றும் அனுமதி, ஐஏஎம் பாலிசிக்குப் புது வெர்ஷன் உருவாக்கும் அனுமதி, ரோலின் டிரஸ்ட் பாலிசியைத் திருத்தும் அனுமதி, லாம்ப்டா உருவாக்கி அதற்குப் பெரிய ரோல் ஒன்றைக் கொடுக்கும் பாஸ்ரோல் அனுமதி, இவற்றில் எது இருந்தாலும் அவர் மூன்றாம் பட்டியலுக்கு வருகிறார். ரைனோ செக்யூரிட்டி லேப்ஸ் 2018இல் இப்படிப்பட்ட வழிகளைத் தொகுத்து வெளியிட்டது, அதை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்க்கலாம். ஒரு ரோலிலிருந்து இன்னொரு ரோல், அதிலிருந்து மற்றொன்று என்று சங்கிலியாகப் போவதைக் கிராஃபாக வரைய என்சிசி குரூப்பின் பிமேப்பர் இருக்கிறது. அதையும் பைத்தானுக்குள் லைப்ரரியாக இம்போர்ட் செய்துகொள்ளலாம்.

கோவை_டெவ்ஆப்ஸ்:

இந்த இடத்தில் ஏடபிள்யூஎஸ்ஸின் ஆக்சஸ் அனலைசரைச் சொல்லாமல் விட முடியாது. 2019 டிசம்பரில் வந்தது. வெளி அக்கவுன்டுக்கு எது திறந்திருக்கிறது என்பதைக் கணித முறையில் நிரூபித்துச் சொல்லும், அந்தப் பகுதி இலவசம், ஒவ்வொரு ரீஜனிலும் தனியாக உருவாக்க வேண்டும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும். 2025 ஜூனில், ஆர்கனைசேஷனுக்கு உள்ளேயே ஒரு குறிப்பிட்ட பக்கெட்டை யாரெல்லாம் அணுகலாம் என்று சொல்லும் வசதியும் சேர்ந்தது. எஸ்சிபி, ஆர்சிபி (ஆர்கனைசேஷன் முழுவதற்கும் போடும் வரம்புகள், முதலாவது யூசர், ரோல்களுக்கு, இரண்டாவது ரிசோர்ஸ்களுக்கு), பவுண்டரி எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. கண்காணிக்கும் ரிசோர்ஸ் ஒன்றுக்கு இவ்வளவு என்று மாதக் கட்டணம் உண்டு. ஒரே ஒரு பக்கெட்டுக்கு அதைப் போடலாம். அதன் முடிவுகளையும் போட்டோ3 வழியாகவே எடுக்கலாம்.

மேகப்பூட்டு:

முழுமனதோடு ஆமோதிக்கிறேன். நம் ஸ்கிரிப்டின் விடையும் அதன் விடையும் எங்கே வேறுபடுகின்றன என்று பாருங்கள். வேறுபடும் வரிகளில்தான் கற்றுக்கொள்ள நிறைய இருக்கும். எஸ்சிபி பற்றி ஒரு வார்த்தை: நிர்வாக அக்கவுன்டுக்கு எஸ்சிபி பொருந்தாது. நெல்லையின் பில்லிங் அக்கவுன்டில் இருப்பவர்களுக்கு எந்த எஸ்சிபியும் தடையில்லை. அங்கிருந்து உற்பத்தி அக்கவுன்டுக்குள் வரும் ரோல் உண்டா என்று பாருங்கள். ஆர்கனைசேஷன்ஸ் வழியாக உருவாக்கிய அக்கவுன்ட் என்றால் ஆர்கனைசேஷன் அக்கவுன்ட் ஆக்சஸ் ரோல் என்று ஒன்று தானாகவே இருக்கும், முழு அட்மின் அனுமதியோடு.

தரவுக்காவல்:

ஆடிட்டர் கேட்டது பெயர்ப் பட்டியல் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. இதுவரை பேசியதெல்லாம் ரோல் பெயர்கள். ஐடென்டிட்டி சென்டர் (ஒரே லாகினில் பல அக்கவுன்டுக்குள் போகும் சேவை) பயன்படுத்தினால் ஏடபிள்யூஎஸ் ரிசர்வ்டு எஸ்எஸ்ஓ என்று தொடங்கும் ரோல்கள் தெரியும். அதன் பின்னால் எந்த மனிதர் என்பது ஐஏஎம்மில் இருக்காது. எஸ்எஸ்ஓ அட்மின் கிளையன்டில் எந்தக் குழுவுக்கு எந்த அக்கவுன்டில் எந்தப் பெர்மிஷன் செட் (அனுமதித் தொகுப்பு) என்று எடுத்து, ஐடென்டிட்டி ஸ்டோர் கிளையன்டில் அந்தக் குழுவின் உறுப்பினர்களை எடுத்து, இரண்டையும் இணைத்தால்தான் மனிதர்களின் பெயர் வரும். வேலையை விட்டுப் போனவர்கள் இன்னும் குழுவில் இருக்கிறார்களா என்று மனிதவளத் துறையின் பட்டியலோடு ஒப்பிடுங்கள். வங்கிக் கணக்கு, ஆதார் நகல் என்று நம்பிக் கொடுத்த மனிதர்களின் ஆவணங்கள் இவை. யார் திறக்கலாம் என்று பெயர் சொல்லத் தெரியாத நிலையில் அவற்றை வைத்திருக்க நமக்கு உரிமை இல்லை என்றே நினைக்கிறேன்.

மதுரைமாணவி:

இந்த ஸ்கிரிப்டை ஓட்டுவதற்கே ஒரு ரோல் வேண்டுமே, அதற்கு ரீட் ஒன்லி ஆக்சஸ் கொடுத்தால் போதுமா?

மேகப்பூட்டு:

வேண்டாம். பெயரில் சாதுவாகத் தெரியும், ஆனால் அது எஸ்3 ஃபைல்களின் உள்ளடக்கத்தையும் படிக்கவிடும். தணிக்கை செய்யும் ரோலே தணிக்கைப் பட்டியலில் வந்து உட்கார்ந்துகொள்ளும். செக்யூரிட்டி ஆடிட் என்று ஏடபிள்யூஎஸ் தரும் பாலிசியைப் பயன்படுத்துங்கள். அமைப்புகளையும் பாலிசிகளையும் படிக்கும், ஃபைலுக்குள் போகாது. மூன்று அக்கவுன்டிலும் அதே பெயரில் ஒரு ரோல் வைத்து, எஸ்டிஎஸ் (தற்காலிகச் சான்று தரும் சேவை) வழியாக ஒவ்வொன்றையும் ஏற்றுக்கொண்டு ஓட்டலாம். ஐஏஎம்மை லூப்பில் அழைக்கும்போது த்ராட்லிங் (அழைப்பு அதிகமானால் மறுப்பது) வரும், போட்டோ3 கான்ஃபிகில் ரீட்ரை (மறுமுயற்சி) முறையை ஸ்டாண்டர்டு என்று வையுங்கள்.

நெல்லைநிரலர்:

எல்லோரும் சொன்னபடி செய்தேன். கீ பாலிசியும் சோதனை அக்கவுன்டுக்குத் திறந்துதான் இருக்கிறது, அண்ணா ஊகித்தது சரி. அட்மின் அனுமதியுள்ள டெவலப்பர்கள் அத்தனை பேரும் முதல் பட்டியலில் வந்துவிட்டார்கள். தகவல் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் காட்டிவிட்டேன், அவர் உடனே நீக்கச் சொல்கிறார். டெவலப்மென்ட் குழுவோ, மாதக் கடைசியில் ஓடும் ஏதோ ஒரு வேலை அதை நம்பியிருக்கலாம், நிறுத்தினால் உற்பத்தி நின்றுவிடும் என்று பயப்படுகிறது. சர்வீஸ் லாஸ்ட் ஆக்சஸ்டு விவரத்தைப் பார்த்து முடிவு செய்யலாமா?

தரவுக்காவல்:

அதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். ஒரு ரோல் எஸ்3 சேவையைக் கடைசியாக எப்போது தொட்டது என்று சொல்லும், ஆனால் எந்தப் பக்கெட் என்று சொல்லாது. ஆக்‌ஷன் அளவிலான விவரமும் நிர்வாக ஆக்‌ஷன்களுக்குத்தான், ஃபைலைப் படித்தது அதில் வராது.

கிளவுட்டிரெயிலில் (ஏடபிள்யூஎஸ்ஸில் யார் என்ன செய்தார்கள் என்று பதியும் சேவை) அந்தப் பக்கெட்டுக்கு மட்டும் டேட்டா ஈவென்ட் (ஃபைலைப் படிப்பது போன்ற செயல்கள்) பதிவை இன்றே இயக்குங்கள். அது வழக்கமாக அணைந்தே இருக்கும், கட்டணமும் உண்டு, ஆனால் ஒரு பக்கெட்டுக்குத் தாங்கக்கூடியதுதான். பதிவில் வேறு அக்கவுன்டிலிருந்து வந்து படித்தவரின் அக்கவுன்ட் எண்ணும், ஏஆர்ஓஏ என்று தொடங்கும் ரோல் அடையாளமும் தெரியும். பதிவுகளைத் தனிப் பக்கெட்டில் 180 நாளாவது வைத்திருங்கள். இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் 2022 ஏப்ரலில் வெளியிட்ட உத்தரவு கேட்பது அதுதான், கிளவுட்டிரெயிலின் ஈவென்ட் ஹிஸ்டரி 90 நாளோடு நின்றுவிடும், டேட்டா ஈவென்ட் அதில் வரவும் வராது.

அதுவரை ரூட் என்ற பிரின்சிபலைத் திறந்தே வைத்திருக்கத் தேவையில்லை. டெவலப்மென்ட் குழுவிடம் அந்த மாதக் கடைசி வேலை எந்த ரோலில் ஓடுகிறது என்று கேட்டு, பக்கெட் பாலிசியிலும் கீ பாலிசியிலும் அந்த ஒரு ரோலின் ஏஆர்என்னை மட்டும் எழுதுங்கள். மாதக் கடைசி கடந்த பிறகு பதிவில் அந்த ரோல் வரவில்லையென்றால் அதையும் எடுத்துவிடுங்கள்.

நெல்லைநிரலர்:

அவர்கள் ஒரு ரோலின் பெயரைச் சொல்லிவிட்டார்கள். இரண்டு பாலிசியையும் இன்று மாலை மாற்றுகிறோம், டேட்டா ஈவென்ட் பதிவு ஏற்கெனவே ஓடத் தொடங்கிவிட்டது. நிறுவனத்தின் விவரங்களை நீக்கிவிட்டு, மூன்று பட்டியல்களைத் தரும் ஸ்கிரிப்டை ஓப்பன் சோர்ஸாக வெளியிட அனுமதி கேட்டிருக்கிறேன். கிடைத்ததும் இங்கேயே இணைப்பு தருகிறேன், நாட் ஆக்‌ஷன் கையாளும் பகுதியை மேகப்பூட்டு அண்ணா ஒரு முறை படித்துப் பார்த்துச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.